சின்ன காருக்கு அண்ணன் மாடலின் பிரேக்: அளப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

சின்ன என்ஜின் காருக்கு அதே குடும்பத்துப் பெரிய என்ஜின் காரின் பிரேக்கை மாட்டும் இந்த வேலையில் ஸ்பானர் பிடிக்கும் நேரம் குறைவு. அளப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் போகும் நேரம்தான் அதிகம். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெரிய காலிப்பரை (டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தும் பாகம்) வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் அது தன் காருக்குப் பொருந்துமா என்று விசாரிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் அந்தச் செலவு மிச்சம்.

ஏற்கெனவே பேட் மாற்றி, பிரேக்கில் காற்று எடுத்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இரண்டையும் இன்னும் செய்ததில்லை என்றால், முதலில் இப்போது காரில் இருக்கும் பிரேக்கிலேயே செய்து கை பழகட்டும். உதாரணங்களை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறைக் குடும்பத்திலிருந்து எடுத்திருக்கிறேன். ஒரே அடித்தளத்தில் பல அளவு பிரேக் வந்த குடும்பம் அது. உங்கள் கார் வேறாக இருந்தாலும் வழிமுறை இதேதான்.

1. இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள்

பெரிய பிரேக் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். காய்ந்த சாலையில் பெடலை ஓங்கி மிதித்தால் இப்போதே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்றால், டயரின் பிடிப்பு முழுவதையும் உங்கள் பிரேக் ஏற்கெனவே பயன்படுத்திவிடுகிறது. அதற்கு மேல் டிஸ்க்கைப் பெரிதாக்கினாலும் ஒரு முறை நிற்கும் தூரம் குறையாது. அதைக் குறைக்க டயர்தான் மாற வேண்டும்.

பெரிய டிஸ்க் தருவது வெப்பத்தைத் தாங்கும் திறன். நீண்ட மலை இறக்கம், முழு பாரம், அடுத்தடுத்துக் கடுமையாக நிறுத்துவது ஆகிய இடங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். என்ஜினை மாற்றிச் சக்தியைக் கூட்டியவர்களுக்கு இது அவசியம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்பதற்காகப் பிரேக்கையே மாற்றுபவர்களும் உண்டு. பழைய பிரேக் ஆயிலோ ஊறிப்போன ரப்பர் ஹோஸோதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். புது ஆயில், நல்ல பேட், புது ஹோஸ் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

2. குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நிறுவனம் ஒரே அடித்தளத்தில் பல கார்களைச் செய்யும். சின்ன என்ஜின் காருக்குச் சின்ன பிரேக், பெரிய என்ஜின் காருக்குப் பெரிய பிரேக். ஆனால் ஹப் (சக்கரம் போல்ட்டால் சேரும், சுழலும் பாகம்), சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் அமைப்பு ஆகியவை பொதுவாக இருக்கும். நாம் தேடும் அண்ணன் மாடல் அந்தப் பெரிய என்ஜின் கார்தான்.

நான்காம் தலைமுறை கோல்ஃப், போரா, முதல் தலைமுறை ஆக்டாவியா, லியோன், ஆடி ஏ3, ஆடி டிடி எல்லாம் ஒரே அடித்தளம். எல்லாவற்றிலும் சக்கரத்துக்கு 5 போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1 மி.மீ. முன் டிஸ்க் மட்டும் என்ஜினைப் பொறுத்து 256, 280, 288, 312 மி.மீ. என்று மாறும்.

போல்ட் வட்டம் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். டிஸ்க் ஹப்பில் உட்கார்ந்துவிடும். காலிப்பர் நக்கிளில் (ஹப்பைத் தாங்கிச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் வார்ப்பு) உட்காருமா என்பதுதான் அடுத்த கேள்வி. இதே கோல்ஃபில் 256, 280 அளவு டிஸ்க் வந்த கார்களில் காலிப்பரைத் தாங்கும் கேரியர் நக்கிளோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். 288 வந்த கார்களில் கேரியர் தனி. இரண்டு போல்ட்டில் நக்கிளோடு சேரும். ஆகவே 256-இலிருந்து 288-க்குப் போக வேண்டுமென்றால் நக்கிளையே மாற்ற வேண்டும். அது பேரிங், பால் ஜாயின்ட், ஆக்சில் நட் என்று போய், கடைசியில் வீல் அலைன்மென்டில் முடியும் பெரிய வேலை.

ஆனால் 288-இலிருந்து 312-க்குப் போவது சுலபம். காலிப்பர் உடல் அதேதான். டிடியின் நீளமான கேரியரும் பெரிய டிஸ்க்கும் போதும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒரு படி தாண்ட ஒரு நாள் முழுக்க ஆகிறது, அடுத்த படிக்கு அரை நாள் போதுகிறது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் காரின் நக்கிளை நேரில் போட்டோ எடுத்து, அண்ணன் மாடலின் நக்கிளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக எண்களையும் ஒப்பிடுங்கள். மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் வைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரே வருடத்தில் ஒரே பெயரில் இரண்டு அளவு பிரேக் வந்த கார்கள் நிறைய.

3. எட்டு அளவுகளை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: ஒன்றில் உங்கள் கார், இன்னொன்றில் அண்ணன் கார். எடுக்க வேண்டிய அளவுகள்:

- டிஸ்க்கின் விட்டமும் தடிமனும்
- ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து டிஸ்க் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது
- டிஸ்க்கின் நடுத்துளை
- காலிப்பர் பிஸ்டனின் விட்டம்
- கேரியர் போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், போல்ட்டின் அளவு
- பின் பிரேக்கின் வகை, அளவு, பிஸ்டன் விட்டம்
- மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்துவது இதுதான்; விட்டம் பெரும்பாலும் அதன் உடலிலேயே வார்த்திருக்கும்)
- ஹோஸ் முனையின் வகையும் மரையும்

இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விட்டமும் போல்ட்டும் சரியாக இருந்து, டிஸ்க் 4 மி.மீ. உள்ளே தள்ளி நின்றால் கேரியரின் நடுவில் அது வராது. ஒரு பக்கம் பேட் நுழையவே நுழையாது. இன்னொரு பக்கம் இடைவெளி கிடக்கும். வாஷர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்தும் விசை முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு போல்ட்தான்.

ஹோஸ் முனையிலும் ஒரு கண்ணி உண்டு. எம்10 அளவில் (10 மி.மீ. விட்டம்) ஒரு மி.மீ. இடைவெளி மரை பல நிறுவனக் கார்களில் பொது. ஆனால் குழாயின் முனை இரண்டு வகை: ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் குமிழ் போல வெளியே புடைத்திருக்கும்; ஜப்பானியக் கார்களில் உள்பக்கமாக இரட்டையாக மடித்திருக்கும். மரை ஒன்று என்பதால் தவறான ஜோடியும் இறுகிவிடும். இறுகியபின் மெதுவாகக் கசியும்.

4. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கணக்கு

எல்லாம் தங்கியிருக்கும் இடம் இதுதான், அவசரப்பட வேண்டாம்.

ஒரு சக்கரத்தில் பிரேக் தரும் திருகுவிசை நான்கை நம்பியிருக்கிறது: ஆயிலின் அழுத்தம், பிஸ்டனின் பரப்பு, பேடின் உராய்வு, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் இடத்தின் ஆரம். அழுத்தமும் பேட் வகையும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், பரப்பும் ஆரமும் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு விசை கூடும்.

256 மி.மீ. டிஸ்க்கில் பேடின் உயரம் சுமார் 50 மி.மீ. என்றால், அதன் நடுப்பகுதி மையத்திலிருந்து 128 கழித்தல் 25, அதாவது 103 மி.மீ. தூரத்தில் இருக்கும். 288 டிஸ்க்கில் அதே பேட் 119 மி.மீ. தூரத்தில். பிஸ்டன் மாறவில்லை என்றால் முன்பக்கம் சுமார் 15 சதவீதம் கூடுகிறது. இது பயப்பட வேண்டிய அளவில்லை.

இப்போது பிஸ்டனும் மாறுகிறது என்று வையுங்கள்: 48 மி.மீ.-இலிருந்து 54 மி.மீ. கேட்க 6 மி.மீ. தான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 1,810 சதுர மி.மீ. 2,290 ஆகிறது, 26 சதவீதத்துக்கும் மேல். டிஸ்க்கின் 15 சதவீதத்தையும் பெருக்கினால் முன் பிரேக் மட்டும் ஏறக்குறைய 46 சதவீதம் பலமாகிவிடும். பின் பிரேக் அப்படியே இருக்கும்.

இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை. லேசாக மிதித்தாலே கார் சட்டென்று மூக்கைக் குத்தும். ஓட்டுபவர் 'என்ன ஒரு பிரேக்!' என்று மகிழ்ந்துவிடுவார். ஆனால் கடுமையாக மிதிக்கும்போது முன் சக்கரம் சீக்கிரமே எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் குறுக்கே வரும். அந்த அழுத்தத்தில் பின் சக்கரம் முன்பு செய்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் செய்திருக்கும். நிற்கும் தூரம் பழையதைவிட நீளவும் கூடும்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட ஆபத்தானது. பின்னால் மட்டும் பெரிய டிஸ்க் போட்டால், முன் சக்கரத்துக்கு முன்னால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவிலோ ஈரத்திலோ கார் தன்னைத்தானே சுற்றிவிடும். முன்பக்கத்தைத் தொடாமல் பின்னால் மட்டும் பெரிதாக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆகவே என் விதி: ஒரே அண்ணன் காரிலிருந்து முன், பின், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரு தொகுதியாக எடுங்கள். அந்தக் காரின் எடையும் உங்கள் காரின் எடையும் நெருக்கமாக இருக்கட்டும். அந்தச் சமநிலையைத் தொழிற்சாலையே சோதித்திருக்கிறது. முன்பக்கம் மட்டும்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால், பிஸ்டன் அளவு மாறாத ஒரு படி மேலான டிஸ்க்கோடு நிறுத்துங்கள்.

மாஸ்டர் சிலிண்டரை ஏன் சேர்க்கிறேன்? பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரே இருந்தால் பெடல் முன்பைவிடக் கீழே போகும். 20.6 மி.மீ. சிலிண்டருக்குப் பதில் 22.2 போட்டால் பரப்பு 16 சதவீதம் கூடி, பெடல் மறுபடி மேலே நிற்கும். அதே அளவுக்குக் கால் விசையும் கூடுதலாக வேண்டும். பிஸ்டன் மாறவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டாம்; தேவையில்லாமல் பெரிதாக்கினால் பெடல் கல்லாகிவிடும்.

பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உங்கள் காரில் எந்த வகை என்றும் பாருங்கள். சிலவற்றில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த, பாரத்துக்கு ஏற்ப மாறும் வால்வு இருக்கும். சிலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் அருகே நிலையான வால்வு. இபிடி (முன்-பின் பிரேக் விசையை மின்னணு முறையில் பகிரும் அமைப்பு) உள்ள கார்களில் அந்த வேலையை ஏபிஎஸ் அலகே செய்யும். பின்னால் டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறினால் அண்ணன் காரின் வால்வையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

5. ரிம்முக்குள் இடம் இருக்கிறதா

312 டிஸ்க்குக்குப் பொதுவாகக் குறைந்தது 16 அங்குல ரிம் வேண்டும். 288 பல 15 அங்குல ரிம்களில் நுழையும், எல்லாவற்றிலும் இல்லை. ரிம்மின் விட்டத்தோடு கணக்கு முடிந்துவிடாது. ஸ்போக்கின் பின்புறம் காலிப்பரின் முகத்தில் உரசுகிறதா என்பதும் உண்டு.

சோதிக்கும் முறை எளிது. காலிப்பரை டிஸ்க்கோடு சேர்த்து வெளிக்கோட்டை அட்டையில் வரைந்து வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மாட்டியபின் காலிப்பரின் மேல் விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றி, கழற்றிக் களிமண்ணின் தடிமனை அளக்கலாம். 3 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் அந்த ரிம் வேண்டாம்.

ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளையும் கணக்கில் சேருங்கள். வெறும் ரிம்மில் இடம் இருக்கும். எடை ஒட்டிய இடத்தில் இருக்காது. சக்கரம் சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் எடை பறந்துபோய் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸ் பார்ப்பவரிடம் எடையை வேறு இடத்தில் ஒட்டச் சொன்னால் தீர்ந்தது.

கூடவே டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியையும் முன்னால் மாட்டிப் பாருங்கள். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி பெரிய காலிப்பரின் மேல் நுழையாமல் போவது சகஜம். அப்படியென்றால், முன் சக்கரம் பஞ்சரானால் பின் சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டும். நடுராத்திரியில் மழையில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

6. என்ன வாங்குவது, எதைப் பழையதாக வாங்கலாம்

காலிப்பர், கேரியர், நக்கிள், டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தகரம், ஹேண்ட்பிரேக் கேபிளைத் தாங்கும் கிளிப்புகள் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். டிஸ்க், பேட், ஹோஸ், ஹோஸைக் காலிப்பரோடு சேர்க்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருக்கும் போல்ட்டுகள், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகத்தான்.

தகரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய தகரத்தின் ஓரத்தில் பெரிய டிஸ்க் உரசும். அதை வெட்டி எறிந்துவிட்டும் ஓட்டுகிறார்கள். ஆனால் அது கல்லையும் தண்ணீரையும் தடுக்கிறது, பால் ஜாயின்டின் ரப்பரை டிஸ்க்கின் சூட்டிலிருந்தும் காக்கிறது. அண்ணன் மாடலின் தகரத்தையே வாங்குங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை, டாட் 4 அல்லது டாட் 5.1. டாட் 5 என்பது சிலிகான். பெயர் நெருக்கமாக இருந்தாலும் மற்ற இரண்டோடு அது கலக்காது. ஏபிஎஸ் காருக்கு அது வேண்டவே வேண்டாம்.

7. பழைய காலிப்பரைப் புதுப்பித்தபின் மாட்டுங்கள்

வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று வரும் காலிப்பரை நம்பாதீர்கள். ரப்பர் பூட்டை விலக்கிப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். துருவின் சின்னப் புள்ளிக்குழி இருந்தாலும் சீலைக் கிழிக்கும். ஸ்லைடு பின்களைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சிக்கிச் சிக்கி வந்தால் துளை அரித்திருக்கும்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் பயன்படுத்தினால், எதிரே ஒரு மரத்துண்டு வைத்து, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பியுங்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது.

சீலைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, சில மாதத்தில் ஸ்லைடு பின் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்து நிற்கும்.

8. கழற்றும் வரிசை

சமதளத்தில் காரை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வீல் போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். அப்புறம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்க வேண்டாம்.

அடுத்து ஆயில் குழாயின் நட். இதற்குச் சாதாரண ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே வரும், சுற்றிப் பிடிக்கும் ஸ்பானர் வேண்டும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று வற்புறுத்தினால் புதுக் குழாய் போட வேண்டிவரும்.

குழாய் திறந்ததும் ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். மேலே ஆயில் டப்பா காலியாகி ஏபிஎஸ் அலகுக்குள் காற்று போய்விட்டால், அதை வெளியேற்ற ஸ்கேனர் வைத்து உள் வால்வுகளை இயக்க வேண்டியிருக்கும். இரண்டு நிமிடச் சோம்பலுக்கு அரை நாள் தண்டனை.

கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

9. மாட்டும் வரிசை

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருத் துணுக்கு டிஸ்க்கின் விளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும். 'புது டிஸ்க் வளைந்து வந்துவிட்டது' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலரின் ஹப்பைத் தொட்டுப் பார்த்தால் காரணம் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். டயல் கேஜ் இருந்தால் டிஸ்க்கை வீல் போல்ட்டால் இறுக்கி, விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துச் சுற்றுங்கள். 0.1 மி.மீ.-க்கு மேல் ஆடினால் கழற்றி, மறுபடி சுத்தம் செய்து, ஒரு துளை நகர்த்தி மாட்டிப் பாருங்கள்.

புது டிஸ்க்கின் மேல் இருக்கும் பாதுகாப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள்.

அடுத்து கேரியர், பேட், காலிப்பர். இடது வலது மாறாமல் பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாட்டினாலும் எல்லாம் அழகாகப் பொருந்தும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் பெடல் நிற்காது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

போல்ட்டுகளை அண்ணன் காரின் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள், உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து வேண்டாம். பாகம் எந்தக் காருடையதோ அந்தக் காரின் எண்தான் செல்லும். வீல் போல்ட்டுக்கு மட்டும் உங்கள் காரின் அளவு. இந்தக் கோல்ஃபில் அது 120 நியூட்டன் மீட்டர்.

ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு இருந்தால் அது நேராக ஓட வேண்டும். சுருண்டிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சக்கரம் தொங்கும் நிலையிலும், கீழிருந்து ஜாக்கியால் தூக்கிய நிலையிலும் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.

10. பின் சக்கரம்

ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வகையில் பிஸ்டனைச் சி-கிளாம்பால் அழுத்தித் தள்ளாதீர்கள். உள்ளே ஒரு மரை இருக்கிறது. திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும். அழுத்தினால் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு உடைந்து, காலிப்பரே குப்பைக்குப் போகும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோங்கள்.

கேபிளைத் தளர்த்தி வைத்தே எல்லாவற்றையும் மாட்டுங்கள். காற்று எடுத்து முடித்து, பெடலைப் பலமுறை மிதித்து, பிஸ்டன் தன் இடத்துக்கு வந்தபின்தான் கேபிளை இறுக்க வேண்டும். முன்னாலேயே இறுக்கினால் காலிப்பரின் நெம்புகோல் முழுதாகத் திரும்பாமல் பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும்.

டிரம் இருந்த காரில் டிஸ்க் போடும்போது கேபிளின் நீளமும் முனையும் மாறும். ஏபிஎஸ் சென்சாரின் இடமும் அதன் பல்வளையமும் மாறலாம். அதனால் பின்பக்கத்தை ஹப்போடு சேர்த்து முழுசாக எடுப்பது நல்லது.

11. காற்று எடுப்பது

பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவார்கள். ஆனால் சில கார்களில் வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். பெடலை முழுக்கத் தரைவரை மிதிக்கவிடாமல் அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும்; சீல் அங்கே போனால் கிழியும்.

டப்பாவில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். காலிப்பர்கள் காலியாக வந்திருப்பதால் வழக்கத்தைவிட அதிக ஆயில் குடிக்கும். ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

12. நகர்வதற்கு முன்

என்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் வையுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. அப்படியே பிடித்துக்கொண்டு என்ஜினைப் போடுங்கள்; பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரின் (பெடலுக்குத் துணை விசை தரும் பாகம்) வேக்கம் குழாயைப் பாருங்கள்.

இன்னொருவர் பெடலை அழுத்தியிருக்க, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றியெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும்.

பிறகு ஆளில்லாத சமதளத்தில் நடை வேகம். முதல் மிதியில் பிரேக் வராமலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தே உருட்டுங்கள். இழுக்கிறதா, சத்தம் வருகிறதா, ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா?

முடிந்தால் உருளை வைத்துச் சோதிக்கும் பிரேக் டெஸ்டர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விசையையும் தனித்தனியாக எண்ணாகக் காட்டும். இடது வலது வித்தியாசமும், நான்காம் படியில் போட்ட முன்-பின் கணக்கும் அங்கே தெரிந்துவிடும். மாற்றத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. சில நாடுகளில் இத்தகைய மாற்றத்துக்கு அனுமதியோ பதிவோ தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

13. பேடைப் பழக்குவது

புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று சேர்வதற்குள் ஓங்கி மிதித்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டும். பிறகு ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங் நடுங்கும்.

காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல். எட்டு, பத்து முறை செய்து, இடையில் சற்று ஓட்டி ஆறவிடுங்கள். பேட் உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் சில கி.மீ. ஓட்டி ஆற்றுங்கள். சூடாக இருக்கும்போது நின்ற இடத்தில் பெடலை அழுத்திக்கொண்டு இருக்காதீர்கள். பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதியும்.

14. பிறகு பார்க்க வேண்டியவை

முதல் 100 கி.மீ. கழித்து வீல் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். நான்கு டிஸ்க்கின் சூட்டையும் ஒரே ஓட்டத்துக்குப் பிறகு அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரே ஆக்சிலில் ஒன்று மட்டும் மிக அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கம் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது. நக்கிளை மாற்றியவர்கள் இதற்குள் வீல் அலைன்மென்டை முடித்திருக்க வேண்டும்.

கடைசியாக, காரின் சர்வீஸ் புத்தகத்தில் எந்த மாடலின், எந்த வருடத்தின், எந்த டிஸ்க் அளவின் பாகங்கள் மாட்டியிருக்கின்றன என்று எழுதி வையுங்கள், பாக எண்களோடு. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனையும் குறியுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பேட் வாங்கப் போகும்போது கடைக்காரர் உங்கள் காரின் பெயரைக் கேட்டு அதற்குரிய பேடைத்தான் எடுத்துத் தருவார். காரை வேறொருவருக்கு விற்றால் அவருக்கும் இந்தப் பக்கம் வேண்டியிருக்கும்.